பட்டாணிக்குத் துணை

வாசலில் அண்ணன் "வாங்க, வாங்க" என்று சொல்வது காதில் விழுந்ததும் தனுஷ்கோடிக்கு முதலில் வந்த கவலை ஃபேனைப் பற்றியது. கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறதே, கூடத்துக்குக் கேட்குமே, உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமே. நாய்க்கு யாராவது ஃபேன் போடுவார்களா? ஏன் போடக் கூடாது, கண்ணை எடுத்திருக்கிற நாய், புழுங்கினால் தையல் நசநசத்துப்போகும், காற்றோட்டமாக வையுங்கள் என்று டாக்டரே சொன்னாரே. அப்படியானால் போட்டது சரிதான். ஆனால் நாயே எழுந்துபோய் சுவிட்சைத் தட்டியிருக்காது இல்லையா, யாரோ தட்டியிருக்க வேண்டும். சரி, யாரோ தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போயிருக்கலாமே. இப்படி அவர் மனசும் ஃபேனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மனசே அப்படித்தான், ஒரு சின்ன ஆணியில் வேட்டி மாட்டிக்கொண்டால் எடுத்துவிட்டு நடக்கத் தெரியாது, அங்கேயே நின்று இழுத்துக் கிழித்துக்கொள்ளும். பட்டாணி அவர் மடியில் படுத்திருந்தது. புசுபுசுவென்று வெள்ளை முடியுள்ள குட்டை ஜாதி நாய். இப்போது முகத்தில் பாதியைச் சிரைத்துவிட்டிருந்ததால் இந்தப் பக்கம் பார்த்தால் பழைய பட்டாணி, அந்தப் பக்கம் பார்த்தால் யாரோ. கண் இருந்த இடத்தில் வீங்கிய தோலும் கறுப்பு நூலில் தையலும். கழுத்தைச் சுற்றி ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பு, கோயில் குழாய் ரேடியோவைக் கழற்றி மாட்டினதுபோல. பக்கத்து வீட்டுப் பூனை பிறாண்டியதில் வந்த வினை. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், புண் ஆழமாகப் போய்க் கண்ணே பிதுங்கிவிட்டது, எடுக்காவிட்டால் வலியிலேயே செத்துப்போகும் என்றார் டாக்டர். எடுத்தாயிற்று. மிச்சக் கண்ணிலும் வயசான புகைச்சல் விழுந்திருக்கிறது, இனி மங்கலாகத்தான் தெரியும், உங்கள் குரலை வைத்துத்தான் நடமாடும், பக்கத்தில் போகும்போதெல்லாம் பேசிக்கொண்டே போங்கள், தொடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தனுஷ்கோடிக்கு அது எழுதிக் கொடுக்காமலே மனப்பாடமாகிவிட்டது.

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ ஒரு அம்மாள் வெயிலைத் திட்டினாள், சாத்தூரில் இதைவிட மோசம் என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்கும். அண்ணன் மகள் ஜெயசுபாவைப் பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ராஜ்மோகனுக்குத் தூத்துக்குடியில் பேங்க் வேலை. போட்டோ பிடித்துப்போய், ஜாதகம் பொருந்தி, பிள்ளைகள் போனில் பேசி, சுபா போனை வைத்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டு மாடிப்படி ஏறியதை தனுஷ்கோடி தன் கண்ணால் பார்த்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இந்தப் பின்னறையில், இரும்பு பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், பனியனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஒருத்தரும் அவரை ஒளியச் சொல்லவில்லை. நேற்று மிளகாய் வத்தல் மண்டியை அடைத்துவிட்டு அண்ணனும் அவரும் வீட்டுக்கு வந்தபோது மதினி தட்டு தம்ளரையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவுக வரும்போது பட்டாணிய யாரு பாத்துக்கிடுறது, தையலச் சொறிஞ்சுட்டா என்ன செய்யிறது என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். தனுஷ்கோடிதான் முந்திக்கொண்டு, நான் அது கூட உள்ள இருந்துக்கிடுறேன் மதினி என்றார். சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தார். அதுவும் சரிதான் தம்பி, வாயில்லாச் சீவன் பாவம் என்றாள் மதினி, சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அந்த நிம்மதியை தனுஷ்கோடி பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டார். நாய்க்காக அவர் இங்கே இருக்கிறாரா, அவரை உள்ளே வைப்பதற்கு நாய் ஒரு சாக்கா? நாய்க்குத் துணை வேண்டும் என்பது நிஜம். தையல் பிரிந்தால் திரும்ப மயக்கம் கொடுத்துத் தைக்க வேண்டும், இந்த வயசுக்கு இன்னொரு மயக்கம் தாங்குமோ தாங்காதோ என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும் நிஜம். அப்படியானால் நாய்க்காகத்தான். ஆனால் நாய்க்குக் கண் போகாமல் இருந்திருந்தால் அவர் இப்போது எங்கே இருந்திருப்பார்? மண்டியில் வத்தல் மூட்டையை எடை போட்டுக்கொண்டு இருந்திருப்பார், இன்னைக்குச் சரக்கு வருதுடா தம்பி நீ போய்ப் பாத்துக்கோ என்று அண்ணன் அனுப்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சரக்கு வருமா? வராது. வராத சரக்கை எடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பட்டாணி தலையைத் தூக்கியது. கூம்பின் விளிம்பு பீரோவில் மோதி டங்கென்றது. அவர் காதைக் கூடத்துப் பக்கம் வைத்தார். கூடத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, மதினி வடைத் தட்டைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்போல, வேண்டாம் போதும் இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று வழக்கமான மல்லுக்கட்டு நடந்தது. அதன் காதருகே குனிந்து, ஒண்ணுமில்லடா, படு, என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். இன்றைக்குப் பேசக் கூடாதே. இது என்ன கொடுமை என்று அவருக்கே சிரிப்பு வந்தது. பேசினால்தான் நாய்க்கு அவர் இருப்பது தெரியும், பேசினால் அவர் இருப்பது கூடத்துக்கும் தெரியும். வேறு யாராவது உள்ளே முணுமுணுத்தால் பரவாயில்லை, வேலைக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். தனுஷ்கோடி தனியறையில் உட்கார்ந்து முணுமுணுக்கிறார் என்றால் அதற்கு இந்த ஊரில் வேறு அர்த்தம். வாலிபத்தில் ஒரு ஆடி மாசம், பொட்டல் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ரேடியோ அவரிடம் பேச ஆரம்பித்தது. முதலில் பாட்டுக்கு நடுவில் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அப்புறம் புத்தி சொன்னது, அப்புறம் திட்டியது, கொடை முடிந்து குழாயை அவிழ்த்துக்கொண்டு போன பிறகும் நிறுத்தவில்லை. அவரும் மரியாதைக்காரர் ஆயிற்றே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார், தெருவில் நின்று சொன்னார், பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னார். அண்ணன் பேரைச் சேர்த்து, ரத்தினசாமி தம்பி தனியாப் பேசிக்கிட்டுத் திரியிறான் என்று ஊர் முழுக்கப் பரவ அது போதாதா? மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். குணமானது. குணமாகி எத்தனையோ காலமாகிவிட்டது, ராத்திரி ஒரு மாத்திரை, அது பாட்டுக்குப் போகிறது, அவர் பாட்டுக்கு இருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது அவர் வாய் திறந்தது கிடையாது. குளிக்கும்போது பாடுவது கிடையாது. கால் இடறினால்கூட அம்மா என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்வார். கடைசியில் ஒருநாள் சுபா இந்தப் பட்டாணியைக் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாயிடம் பேசுகிறவனை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லையே! அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பட்டாணியிடம்தான் சொன்னார். வத்தல் விலை, மழை வராதது, எதிர்வீட்டுக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்துவது, எல்லாம் பட்டாணியிடம். அதுவும் காதைத் தூக்கிக் கேட்கும், வேண்டாதபோது கொட்டாவி விடும்.

இப்போது அது மூக்கைத் தூக்கி எதையோ தேடியது. அவர் அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். நான்தான்டா, என்று கையால் சொன்னார். கைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் பிடித்திருந்த முன்னங்காலை விடுவிக்க ஒருதரம் உதறியது, திரும்பவும் கூம்பு பீரோவில் மோதியது. இந்தக் கூம்பைக் கழற்றிவிட்டால் என்ன? கழற்றினால் சத்தம் வராது. ஆனால் சொறிந்துவிடும். சொறியாமல் அவர்தான் இரண்டு முன்னங்காலையும் பிடித்துக்கொண்டிருக்கிறாரே. பிடித்துக்கொண்டே இருக்க முடியுமா, முடியும், கொஞ்ச நேரம்தானே, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முடிச்சை அவிழ்த்துக் கூம்பை மெள்ள எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். கழுத்து லேசான சுகத்தில் பட்டாணி நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் மருந்து வாடை, இன்னும் உள்ளே பழைய ரத்த வாடை. கூம்பு இல்லாமல் கிட்டத்தில் பார்த்தால் தையல் அவ்வளவு பயங்கரமாக இல்லை. மூடிய கண்ணுக்குள் கண் இருக்கிறது, தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே வெறும் குழி என்பதை நினைக்காமல் இருந்தால் சரி. எடுத்த கண்ணை என்ன செய்திருப்பார்கள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது, வேண்டாம் என்று தள்ளினார், ஒரு வெள்ளைத் தட்டில் கோலிக்குண்டுபோல உருண்டு அது திரும்ப வந்தது. மயக்கம் தெளிந்தபோது இந்த நாய் எப்படி இருந்தது! தலை தூக்க முடியாமல், காலெல்லாம் தண்ணியாகி, இருட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு முனகல். அதைக் கேட்டதும் தனுஷ்கோடி ஆஸ்பத்திரியின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் மதுரையில் அப்படித்தான் தெளிந்தது. தலையில் மின்சாரம் கொடுத்து முடித்த பிறகு யார் யாரோ வந்து தொடுவார்கள், புரட்டுவார்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கை வருவது தெரியாது, திடீரென்று மேலே விழும். அந்தப் பயம் இன்னும் தோலில் எங்கேயோ இருக்கிறது. ஒரு ஆள் மட்டும்தான் வாசல்படியிலிருந்தே, தம்பி, அண்ணன் வந்திருக்கேன்டா, என்று சொல்லிக்கொண்டே வந்து அப்புறம் தொட்டது. மண்டியைப் பூட்டிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார் ரத்தினசாமி. கல்யாணமான புதுசு வேறு. இட்லியைப் பிய்த்து ஊட்டிவிட்டார். ஊட்டும்போது எதையாவது பேசிக்கொண்டே இருப்பார், தம்பி பதிலே சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் விடாமல் பேசுவார். அந்த அண்ணன்தான் நேற்றுத் துண்டை மடித்தார், மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும், நீயும் வந்து உக்காருடா, என்று ஒரு வார்த்தை. ஒப்புக்காவது. ஒப்புக்குச் சொல்லியிருந்தால்கூட இவர் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

கூடத்தில் திடீரென்று பேச்சு அடங்கியது. கொலுசுச் சத்தம். சுபா வந்துவிட்டாள். எந்தப் புடவை? காலையில் இரண்டைக் கொண்டுவந்து காட்டி எது நல்லாருக்கு சித்தப்பா என்று கேட்டாள், அவர் மாம்பழக் கலரைச் சொன்னார். கூடவே அவள், நீங்க ஏன் உள்ள இருக்கணும், பட்டாணிய மடியில வெச்சுக்கிட்டு முன்னால வந்து உக்காருங்களேன் என்றாள். மங்கல காரியத்துக்கு வரும்போது கண் இல்லாத நாயா எதிரில் நிற்பது என்று அவர் சொன்னார். நாயைத்தான் சொன்னார். அவள் பட்டாணியைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள், அப்புறம் மதினி கூப்பிட்டாள் என்று போய்விட்டாள். இப்போது கும்பிட்டிருப்பாள், உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளையின் அம்மா அன்பாகத்தான் பேசினாள், படிப்பைக் கேட்டாள், வேலையைக் கேட்டாள், சமைப்பாயா என்று கேட்காமல் வண்டி ஓட்டுவாயா என்று கேட்டாள். தனுஷ்கோடிக்கு அவளைப் பிடித்துவிட்டது. சைக்கிள் பழக்கிவிட்டது யார் தெரியுமா என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து மனசுக்குள் பெருமையடித்துக்கொண்டார். நான் பழக்கினேன், முட்டி பேர்ந்து ரத்தம் வந்தபோது வத்தல் பட்ட கையால் தொட்டுவிட, அவள் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. இப்போதுகூடப் பட்டாணியைத் தொடும் முன்னால் அவர் கையை சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுகிறார். மாப்பிள்ளை என்னவோ மெதுவாகச் சொன்னான், சுபா சிரித்தாள். நல்ல சிரிப்பு, மாடிப்படிச் சிரிப்பு. கடவுளே, இது நல்லபடியாக முடியட்டும். நான் எங்கே இருந்தால் என்ன. அப்போதுதான் அந்த அம்மாள் கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள், காபியை ஆற்றிக்கொண்டே கேட்டமாதிரி இருந்தது.

"பொண்ணுக்கு ஒரு சித்தப்பா உண்டுன்னு சொன்னாகளே, அவுகளக் காணமே?"

தனுஷ்கோடி மூச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணன் செருமினார். ஒரு செருமலுக்குள் எத்தனை பதில் இருக்கலாம். உள்ளதான் இருக்கான், நாய்க்கு உடம்பு சரியில்ல, பாத்துக்கிட்டு இருக்கான். எவ்வளவு சுலபமான பதில், அதில் பொய்கூட இல்லை. வாடா தம்பி என்று கூப்பிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், அவருக்குக் கும்பிடு போடத் தெரியாதா, மண்டிக்கு வருகிற எத்தனை வியாபாரிகளிடம் பேசுகிறார். சட்டை எங்கே? கட்டில் மேல் கிடக்கிறதா? அவர் கை சட்டையைத் தேடிப் பாதி தூரம் போய்விட்டது.

"அவன் சென்னையில இருக்கான்," என்றார் அண்ணன். "லீவு கெடைக்கல."

போன கை போன இடத்திலேயே நின்றது. சென்னையா? சென்னையில் எங்கே? அவர் சென்னைக்குப் போனதே கிடையாதே. ஒரு பக்கம் மனசு நியாயம் பேசியது, வேறு என்ன சொல்வார், கூப்பிட்டு உட்கார வைத்தால் கல்யாணம் ஏன் ஆகலை என்று வரும், அதிலிருந்து நூல் பிடித்து மதுரைவரை போவார்கள், பரம்பரையில் உண்டா என்று கேட்பார்கள், அந்த மாடிப்படிச் சிரிப்பு அத்தோடு போச்சு. அண்ணன் செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. இன்னொரு பக்கம் மனசு ஒன்றுமே பேசாமல் சின்னப்பிள்ளைபோல அழுதது. லீவு கிடைக்கலையாம். அவ்வளவு தயாராக வந்ததே பதில், முன்னாடியே யோசித்து வைத்திருந்தாரோ? துண்டை மடிக்கும்போது யோசித்தாரோ? மதினிக்கும் தெரியுமோ? சுபாவுக்கு? சுபா ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அவள் எப்படிச் சொல்லுவாள், பொண்ணு பார்க்கிற இடத்தில் அப்பனை மறுத்துப் பேசுவாளா? எச்சிலை விழுங்கக்கூடச் சத்தம் வருமோ என்று பயந்து விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த கை எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை. காலைப் பிடித்திருந்த கையும் தளர்ந்துவிட்டது.

பட்டாணிக்கு அது தாங்கவில்லை. குரலும் இல்லை, தடவலும் இல்லை, மங்கல் கண்ணில் பீரோவும் ஆளும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். விருட்டென்று எழுந்தது, தடுமாறித் தரையில் விழுந்தது, எழுந்து ஓடிக் கட்டில் காலில் முட்டியது. அடிபட்ட பக்கமே முட்டியது. கீச்சென்று கத்திவிட்டு, முகத்தைத் தரையில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சுற்ற ஆரம்பித்தது. கூடத்தில் அந்த அம்மாள், என்ன சத்தம் என்றாள். நாய்ங்க, கண்ணுல ஆபரேஷன் பண்ணிருக்கோம் என்றார் அண்ணன். பாவம், தனியாவா போட்டிருக்கீக என்று அவள் கேட்டாள். ஆமாங்க, தூங்குச்சு, அதான், என்றார் அண்ணன். தனியாகத்தான் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. தனுஷ்கோடி முட்டி போட்டு நகர்ந்து அதைப் பிடிக்கப் போனார். குரல் கொடுக்காமல் பின்னாலிருந்து விழுந்த கையை அது என்னவென்று நினைத்ததோ, நடுங்கிப்போய் அவரைக் கடிக்கத் திரும்பியது. இந்தப் பட்டாணி அவரைக் கடிக்க வந்தது! பின்னங்காலைத் தூக்கி முகத்தைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தது. வெள்ளை முடியில் சிவப்பு படர்ந்தது. ஒரு தையல் போய்விட்டது. இன்னொன்றும் போனால் திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப மயக்கம், டாக்டர் உதட்டைப் பிதுக்கினாரே. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நொடி கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் சுபா. இந்தப் பக்கம் இது. அவர் யோசித்து முடிவெடுத்தார் என்று சொன்னால் பொய், அவருக்கு யோசிக்கிற பழக்கம் உண்டே தவிர முடிவெடுக்கிற பழக்கம் கிடையாது. வாய் தானாகத் திறந்தது.

"பட்டாணி. நான் இங்கதான்டா இருக்கேன். எங்கேயும் போகல. இந்தா, இங்கதான் இருக்கேன்."

முணுமுணுப்பு இல்லை, மண்டியில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரல். அதற்குத்தான் அது அடங்கும். காது இரண்டும் அவர் பக்கம் திரும்பியது, காலைச் சொறிவதிலிருந்து எடுத்து அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றது, அப்புறம் வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு அவர் மடியை நோக்கி வந்தது. அவர் பேசிக்கொண்டே அள்ளியெடுத்தார். பேசிக்கொண்டே முன்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்தார். ரத்தம் பனியனில் ஒட்டியது. அப்போதுதான் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. தம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை. ஐயோ, கெடுத்துவிட்டேனே. சொல்லுங்கண்ணே, என்னமாவது சொல்லுங்க, வேலைக்காரன்னு சொல்லுங்க, வைத்தியம் பாக்க வந்த ஆளுன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், சத்தியமா நினைக்க மாட்டேன். யாரு உள்ள, என்று அந்த அம்மாள் கேட்டாள். ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

கதவு திறந்தது. பட்டு வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக அண்ணன் நின்றார். தரையில் சிந்தியிருந்த ரத்தத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்துவார் என்று தனுஷ்கோடி எதிர்பார்த்தார். சாத்தவில்லை. அப்படியே வந்து பட்டு வேட்டியோடு தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். பஞ்சு எங்கடா என்று கேட்டார். கட்டில் மேல, என்றார் இவர். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து அண்ணன் ஒற்றினார், தம்பி காலைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். ஒரு முடிச்சு மட்டும்தான் போயிருந்தது, மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வாசல்படிவரை வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் மாம்பழக் கலர் புடவை தெரிந்தது. பாவம், என்றாள் அந்த அம்மாள். நாயைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் பஞ்சோடு, நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"என் தம்பிம்மா. சென்னையிலயும் இல்ல, எங்கயும் இல்ல, எங்க கூடத்தான் இருக்கான். சின்ன வயசுல மனசு சரியில்லாமப் போச்சு, வைத்தியம் பாத்தோம், நல்லாயிட்டான். இன்னும் மாத்திரை சாப்பிடுறான். வாய் கூசாமப் பொய் சொல்லிட்டேன், தப்பு என்னோடது."

தனுஷ்கோடிக்குக் காதெல்லாம் சுட்டது. எத்தனை காலமாக அவர் பயந்துகொண்டிருந்த வார்த்தைகள், இத்தனை பேர் முன்னால், இவ்வளவு சாதாரணமாக, வத்தலில் ஈரம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டாரே. தலைக்கு மேல் ஏதாவது இடிந்து விழும் என்று பார்த்தார். ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா படியிலிருந்து கூடத்துக்குத் திரும்பினாள். கோபமாக இல்லை, ஆனால் முகத்தில் இருந்த பழைய கலகலப்பும் இல்லை. வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், இல்லை, ஒருவேளை நிஜமாகவே கலந்துகொள்வார்களோ என்னவோ, யார் கண்டது. மாப்பிள்ளைப் பையன் சுபாவைப் பார்த்தான், உள்ளே தரையில் இருந்தவர்களைப் பார்த்தான், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் காலைப் பார்த்துக்கொண்டான். அவர்கள் புறப்பட்டார்கள். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குங்குமத்தை எடுத்தபடி பின்னாலேயே ஓடினாள். சுபா போகவில்லை. பட்டுப் புடவையோடு உள்ளே வந்து சித்தப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை. வெளியே செருப்புப் போடும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை போய் அனுப்பி வைக்காமல் அண்ணன் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே, ஊர் என்ன சொல்லும்? எந்திரிச்சுப் போங்கண்ணே, கைகூப்பி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க, நான் பிடிச்சுக்கிடுறேன் என்று தனுஷ்கோடி கெஞ்சினார். அண்ணன் அசையவில்லை. அவர் விரலடியில் பட்டாணியின் நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நீ பேச்ச நிறுத்திட்ட, பாரு, திரும்ப நடுங்குது," என்றார் அண்ணன். "பேசுடா தம்பி. சத்தமாப் பேசு."

என்ன பேசுவது? தனுஷ்கோடி பட்டாணியின் பக்கம் குனிந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கை இல்லை. நாளைக்கு வெயில் குறையுமாம்டா பட்டாணி, என்று ஆரம்பித்தார். வாசலில் கார் கிளம்பும் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி, மண்டிக்கு வரவேண்டிய சரக்கைப் பற்றியும் எதிர்வீட்டுக்காரனின் வண்டியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். அண்ணனும் சுபாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.